மோட்டார்ஹோம் இரவு நிறுத்தம்: குழாய் எங்கே, வடிகால் எங்கே?

ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றிலும் சிற்றூர் ஓரங்களில் ஒரே மாதிரியான காட்சி உண்டு. இருபது வண்டி நிற்கும் கிராவல் மைதானம், அதன் ஒரு மூலையில் தண்ணீர்க் குழாயும் கழிவுத் துளையும் கொண்ட இடுப்பளவு உயர உலோகப் பெட்டி, பெட்டிக்கு முன்னால் கம்பி வலை பதித்த சிமென்ட் தளம். ஜெர்மனியில் இதை ஸ்டெல்பிளாட்ஸ் என்பார்கள், இத்தாலியில் ஆரேயா தி சோஸ்தா. கூடாரம் அடித்து ஒரு வாரம் தங்கும் கேம்ப்சைட் வேறு, இது வேறு. வீட்டு வசதியோடு வரும் வண்டி ஓரிரு இரவு நின்று, தண்ணீர் பிடித்து, கழிவை இறக்கிவிட்டுக் கிளம்பும் இடம் இது. பல ஊர்களில் நகராட்சியே நடத்துகிறது.

இப்படி ஓர் இடம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் மைதானத்தையும் காட்சியையும் பார்க்கிறார்கள். மூலையில் நிற்கும் பெட்டி கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அந்தப் பெட்டியிலிருந்துதான் திட்டமே தொடங்க வேண்டும். வண்டி நிற்க எந்தக் காலி மனையும் போதும். அதன் கழிவு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

வண்டியின் வயிற்றுக் கணக்கு

ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ போன்ற வேனின் அடிச்சட்டத்தில், 3,500 கிலோ மொத்த எடைக்குள் கட்டப்பட்டவை. நீளம் 6 முதல் 7.5 மீட்டர், அகலம் சுமார் 2.3 மீட்டர். உள்ளே மூன்று கொள்கலன்கள். நல்ல தண்ணீர் டேங்கு 100 முதல் 120 லிட்டர். பாத்திரம் கழுவியதும் குளித்ததுமான நீர் சேரும் டேங்கு 90 முதல் 100 லிட்டர். கழிப்பறைக்கு அடியில் அதன் கழிவு சேரும், கையால் உருவி எடுக்கும் பெட்டியான கேசட், 17 முதல் 20 லிட்டர்.

இருவர் சிக்கனமாகப் புழங்கினால் தண்ணீர் மூன்று நாள் வரும். கேசட் இரண்டு, இரண்டரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் வண்டிக்காரர் அதை எங்காவது இறக்கியே ஆக வேண்டும். ஆகவே ஓர் ஊருக்கு மோட்டார்ஹோம் வருமா என்பதைக் காட்சி தீர்மானிக்கலாம். அது வந்தபின் ஊரின் ஓடை என்னவாகும் என்பதைக் கேசட் தீர்மானிக்கும்.

மின்சாரம் இந்தப் பட்டியலில் பின்னால்தான் வருகிறது. கூரையில் சூரியத் தகடும் உள்ளே பேட்டரியும் இருப்பதால் பல வண்டிகள் ஓரிரு இரவு பிளக் இல்லாமலே சமாளிக்கும். 1993 முதல் இயங்கும் பிரான்ஸ் பாஸியோன் என்ற ஏற்பாட்டில், விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் தங்கள் நிலத்தில் 24 மணி நேரம் நிற்க இலவசமாக இடம் தருகிறார்கள். தண்ணீரோ பிளக்கோ தரவேண்டிய கட்டாயம் இல்லை. வண்டியின் டேங்குகள் அந்த ஓர் இரவைத் தாங்கிக்கொள்வதால்தான் இது நடக்கிறது. மறுநாள் அதே வண்டி ஏதோ ஓர் ஊரின் உலோகப் பெட்டியைத் தேடித்தான் போகும்.

அளவு குறைவு, அடர்த்தி அதிகம்

இருபது வண்டி நிற்கும் இடத்தில் ஒரு நாளைக்குப் பத்து வண்டி கழிவை இறக்குவதாகக் கொள்வோம். குளியல், சமையல் நீர் சுமார் 1,000 லிட்டர். கேசட்டிலிருந்து 200 லிட்டர், அதை அலசிய நீர் இன்னும் ஒரு 100. மொத்தம் 1.3 கன மீட்டர்தான். ‘இவ்வளவுதானா, ஒரு செப்டிக் டேங்க் போட்டால் முடிந்தது’ என்று தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது.

ஒருவரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறும் நைட்ரஜன் ஏறத்தாழ 11, 12 கிராம். பெரும்பகுதி சிறுநீரில். வீட்டில் அவர் 150 லிட்டர் தண்ணீர் செலவழித்தால் அது லிட்டருக்கு 80 மில்லிகிராம் அளவுக்கு நீர்த்துவிடும். கேசட்டில் அவர் பங்கு மூன்றரை, நான்கு லிட்டர்தான். செறிவு லிட்டருக்கு 3 கிராமை நெருங்கும். ஊர்ச் சாக்கடைக்குப் பழகிய சிறிய சுத்திகரிப்பு நிலையத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேசட் காலை ஒன்பது மணிக்கு ஒரே மூச்சில் வந்து விழுந்தால் அது திணறும்.

இதோடு ரசாயனமும் சேர்கிறது. நாற்றம் எழாமலிருக்கக் கேசட்டில் நீல நிறத் திரவம் ஊற்றுவார்கள். பழைய வகைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். சிலவற்றில் அதை மெல்ல வெளிவிடும் புரோனோபால் இருக்கும். இவற்றின் வேலையே பாக்டீரியாவைக் கொல்வது அல்லது முடக்குவது. செப்டிக் டேங்க் இயங்குவதோ பாக்டீரியாவால். பெரிய நகரத்துப் பாதாளச் சாக்கடையில் இது கரைந்து காணாமல் போகும். பத்து வீட்டுக்குக் கட்டிய டேங்கில் போகாது. நொதித்தல் நின்று, திடக்கழிவு மக்காமல் அப்படியே மிதந்து வெளிக்குழாய்க்கு வந்து உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்து லாரி வைத்து எடுப்பார்கள். மாதம் ஒன்று போனதும் மறுபடி அதே கதை.

நகரச் சாக்கடை அருகில் இருந்தால் நேராக இணைத்துவிடலாம், நகராட்சியின் ஒப்புதலோடு. சாக்கடை இருந்தும் சுத்திகரிப்பு நிலையம் சிறியதென்றால், இடையில் ஒரு சேமிப்புத் தொட்டி வைத்து, இரவு முழுக்கச் சிறிது சிறிதாகப் பம்ப் செய்யலாம். சாக்கடையே இல்லையென்றால் வெளியேறும் குழாய் இல்லாத மூடிய தொட்டிதான். மேலே சொன்ன கணக்கில் வாரம் 9 கன மீட்டர் சேரும்; 10 கன மீட்டர் தொட்டி கட்டினால் வாரம் ஒருமுறை லாரி வந்தே தீர வேண்டும், ஒரு நாள் தள்ளினாலும் வழியும். 20 கன மீட்டராகக் கட்டுவது நல்லது. பயணிகளிடம் ஜெர்மனியின் ‘பிளாவர் ஏங்கல்’ சுற்றுச்சூழல் முத்திரை பெற்ற திரவத்தை மட்டும் பயன்படுத்தச் சொல்லிப் பலகை வைப்பதும் பலன் தரும், பலகை பெட்டியின் முகப்பிலேயே இருந்தால்.

கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தபோது கவனம் போனது வாகமண் போன்ற மலைப் பகுதிகளுக்கு. மலையூர்களில் பாதாளச் சாக்கடை அரிது. நம் பக்கம் யார் இதைத் தொடங்கினாலும் முதலில் முட்டப்போவது இந்த மூடிய தொட்டிக் கணக்கில்தான்.

இரண்டு குழாய்

சேவை மூலையில் நடக்கும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. கேசட்டைக் கொட்டியவர் அதை அலச வேண்டும். அலசும் குழாய் அழுத்தம் இல்லாமல் சொட்டுகிறது. பக்கத்தில் குடிநீர்க் குழாய் வேகமாக வருகிறது. கேசட்டின் வாயைக் குடிநீர்க் குழாயின் மூக்கோடு ஒட்டிப் பிடிக்கிறார். அடுத்து வருபவர் அதே மூக்கில் தன் ஹோஸை மாட்டிக் குடிநீர் பிடிக்கிறார்.

இன்னொரு வழியிலும் கழிவு குடிநீருக்குள் போகும். ஹோஸின் நுனி கழிவில் மூழ்கியிருக்கும்போது ஊர்க் குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கினால், தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும்போதோ மெயின் குழாய் உடையும்போதோ இப்படி ஆகலாம். ஐரோப்பியத் தரவிதி இஎன் 1717 கழிப்பறைக் கழிவைத் திரவங்களிலேயே மிக ஆபத்தான ஐந்தாம் வகையில் வைக்கிறது. சாதாரண ஒருவழி வால்வு இதற்குப் போதாது. நம்பகமானது காற்று இடைவெளி: ஊர்க் குழாயிலிருந்து வரும் நீர் ஒரு சிறு தொட்டிக்குள் மேலிருந்து விழ வேண்டும். குழாயின் வாய்க்கும் தொட்டியின் வழியும் மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு, குறைந்தது 20 மில்லிமீட்டர், காலி இடம் வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து தனி பம்ப் அலசும் குழாய்க்குத் தண்ணீர் தள்ளும். காற்றைத் தாண்டி எதுவும் பின்னே ஏறாது.

மனிதப் பழக்கத்துக்கும் இடம் விட வேண்டும். அலசும் குழாய் கழிவுத் துளையின் மேலேயே, நல்ல வேகத்தோடு, இலவசமாக இருக்கட்டும். குடிநீர்க் குழாய் சில மீட்டர் தள்ளி, ஹோஸ் மாட்டும் மரையோடு, கீழே கேசட்டை வைக்கத் திட்டு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். அலசும் நீருக்குக் காசு வாங்கும் இடங்களில்தான் குடிநீர்க் குழாய் அசிங்கப்படுகிறது. ஐம்பது காசு மிச்சம் பிடிக்க மனிதர்கள் செய்யும் வேலை வியப்பளிப்பது.

குளியல் நீர் இறங்கும் தளம் 4 மீட்டர் நீளமாவது வேண்டும். வால்வு சில வண்டிகளில் பின்புறம் நடுவிலும், சிலவற்றில் பக்கவாட்டிலும் இருக்கும்; சிறிய வலை வைத்தால் பாதி வண்டிகள் குறி தவறும். தளம் நடுவை நோக்கி 2 சதவீதம் சரிய வேண்டும், குழாய் 110 மில்லிமீட்டர், வலைக்குக் கீழே தலைமுடியும் சோற்றுப் பருக்கையும் தங்கும் வாளி. மழைநீர் உள்ளே வராமல் சுற்றிலும் சிறு வரம்பு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் மூடிய தொட்டி நிரம்பிக் கூடுதலாக ஒரு லாரிக்குக் காசு கொடுக்க நேரும்.

ஒரு வண்டி எல்லா வேலையையும் முடிக்க 10 முதல் 15 நிமிடம். மணிக்கு நான்கைந்து வண்டி. காலையில் பத்து வண்டி ஒன்றாகக் கிளம்பினால் கடைசி வண்டிக்கு இரண்டு மணி நேரம். கேசட் துளையை வண்டித் தளத்திலிருந்து பிரித்து நடந்துபோகும் தூரத்தில் வைத்தால் இந்த வரிசை பாதியாகும், ஏனெனில் பலருக்கு அன்று கேசட் மட்டும்தான் நிரம்பியிருக்கும்.

மின்சாரமும் தரையும்

பிளக் மூன்று முள் கொண்ட நீல நிற 16 ஆம்பியர் வகை. ஐஇசி 60364 தரவிதியின் 708ஆம் பகுதி இதற்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் விழும் சுவிட்ச்), தனி 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்). ஒரு கம்பத்தில் நான்கு சாக்கெட்டுக்கு மேல் கூடாது. நான்கு வண்டிக்கு ஒரே ஆர்சிசிபி போட்டு மிச்சம் பிடித்தால், யாரோ ஒருவரின் ஈரமான ஹீட்டரால் நள்ளிரவில் நாலு வண்டியும் இருளும்.

அடிக்கடி நேரும் பிழை மெல்லிய கேபிள். 100 மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி இழுத்தால், போகவர 200 மீட்டரின் மின்தடை 1.4 ஓம். 16 ஆம்பியர் ஓடும்போது 22 வோல்ட் வழியிலேயே செத்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 6 வோல்ட்டுக்குள் அடங்கும். ஒரு சாக்கெட்டுக்கு 3.7 கிலோவாட் வீதம் இருபதுக்கு 74 கிலோவாட் ஆகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுப்பதில்லை என்பதால் ஐரோப்பாவில் இதைவிடக் குறைவான இணைப்போடு சமாளிக்கிறார்கள். சில இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள், அதில் 2 கிலோவாட் கெட்டில் போட்டால் எம்சிபி விழும். வெப்ப நாட்டில் இந்தச் சமாளிப்பு செல்லாது. இருபது கூரை ஏசியும் இரவு முழுக்கச் சேர்ந்தே ஓடும்.

தரைக்கு, மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஜல்லி உருட்டினால் போதும். புல்தரை அழகுதான்; ஆனால் டுகாட்டோ வண்டிகளில் முன்சக்கரம்தான் இழுக்கிறது, எடையோ பின்னால். ஈரப் புல்லில் முன்சக்கரம் சும்மா சுழலும், பிறகு டிராக்டர் தேட வேண்டும்.

சரிவு 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தூக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை. பல வண்டிகளில் கேஸில் ஓடும் உறிஞ்சுவகை ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாவும் நீரும் சூட்டால் மேலேறி, புவியீர்ப்பால் குழாய்களில் இறங்கிச் சுற்றுகின்றன. சாய்வு 3 டிகிரியைத் தாண்டினால், அதாவது சுமார் 5 சதவீதச் சரிவில், திரவம் ஓரிடத்தில் தேங்கிக் குளிர்ச்சி நின்றுவிடும். ஃபிரிட்ஜின் கொதிகலன் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். ஒரு வண்டிக்கு 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் தந்தால் பக்கத்து வண்டியோடு இடைவெளியும் கிடைக்கும்.

சட்டத்தில் இத்தாலியின் தெளிவு பாராட்டத்தக்கது. அந்நாட்டுச் சாலைச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி, வண்டி தன் சக்கரங்களில் மட்டும் நின்று, தன் உடல் அளவுக்கு மேல் இடம் பிடிக்காமல், எஞ்சின் விடுவதைத் தவிர வேறெந்தத் திரவத்தையும் வெளியே விடாமல் இருந்தால் அது வெறும் பார்க்கிங், முகாம் ஆகாது. ஒரு சொட்டுக் குளியல் நீர் சொட்டினாலும் கணக்கு மாறும்.

குளிர்நாட்டில் நவம்பரில் குழாய்களை வடித்து மூடுகிறார்கள், உள்ளே நீர் நின்றால் உறைந்து குழாய் வெடிக்கும். வசந்தத்தில் திறக்கும்போது மாதக்கணக்கில் தேங்கிய நீரை முழுக்க ஓடவிட்டு, குளோரின் செலுத்தி ஊறவைத்து, மறுபடி அலசி, ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) பரிசோதனை முடிவு வந்த பிறகே குடிநீர்ப் பலகையை மாட்ட வேண்டும். கழிவுத் துளையை அதற்கு முன்பே திறந்துவிடலாம். வண்டிகள் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காது.