கசக்கும் ‘ஸ்டாம்ப்’ எல்எஸ்டி அல்ல

போதை ‘ஸ்டாம்ப்’ என்று கைமாறும் சின்ன அட்டைத் துண்டில் இருப்பது எல்எஸ்டி என்ற மனமயக்கப் போதைப்பொருள் என்றே வாங்குபவர் நம்புகிறார். பல நாடுகளில் அதே அட்டையில் இருந்தது 25ஐ-என்பிஓஎம்இ என்ற வேறொரு செயற்கைப் போதைப்பொருள். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் விடுதிக் காப்பாளர்களும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை ஆராய, 2003-ல் பெர்லினில் ரால்ஃப் ஹைம் விவரித்த மூலக்கூறு இது. 2சி-ஐ என்ற போதைப்பொருளின் நைட்ரஜனோடு ஒரு மெத்தாக்ஸிபென்சைல் தொகுதி சேர்ந்ததும், 5-எச்டி2ஏ என்ற செரட்டோனின் ஏற்பியைப் பற்றும் வலிமை பல மடங்கு கூடியது. 2சி-ஐ மில்லிகிராமில் செய்வதை இது மைக்ரோகிராமில் செய்யும். ஆபத்தே அங்குதான். குத்துமதிப்பாகத் தடவிய தாளில் ஒரு கட்டத்தில் கொஞ்சமும், பக்கத்துக் கட்டத்தில் உயிரைப் பறிக்கும் அளவும் படிந்திருக்கலாம். 2015-ல் ஐ.நா. இதைக் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

எல்எஸ்டிக்குச் சுவை கிடையாது. 25ஐ-என்பிஓஎம்இ கசக்கும், நாக்கு மரத்துப்போகும். கசந்தால் உடனே துப்பி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். கசக்கவில்லை என்பதற்காக அது ஆபத்தில்லாதது என்று அர்த்தமில்லை.

மனமயக்கத்தைவிட உடம்பில் நடப்பதுதான் மருத்துவர்களான எங்களுக்குக் கவலை. ரத்தக் குழாய்கள் சுருங்கும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், வலிப்பு வரலாம். திமிறத் திமிற உடல் கொதிக்கும். சித்திரையில், கரண்ட் போன அறையில், இன்னும் வேகமாக. தசை சிதைந்து, சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் சிறுநீரகம் அடிபடத் தொடங்கிவிட்டது.

கை காலைக் கட்டிப்போடாதீர்கள். திமிறல் கூடி, சூடும் கூடும். மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். பாரசிட்டமால் இந்தச் சூட்டுக்குக் கேட்காது. சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, விசிறுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 108. பேய் பிடித்தது என்று குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போக நினைப்பவர்களும் முதலில் ஆஸ்பத்திரிக்கே வரவேண்டும்.

மீதி அட்டை இருந்தால் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் இதைக் காட்டாது. ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் நம்பவேண்டாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. வலிப்பையும் திமிறலையும் அடக்கும் லோராசிபாம் அல்லது டையாசிபாம், டிரிப், குளிர்விப்பு, இவைதான் சிகிச்சை.

பையன் தெளிவாகப் பேசுகிறான் என்று அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்பார்கள். தசைச் சிதைவைக் காட்டும் சிகே என்ற நொதியின் அளவு ரத்தத்தில் ஒன்றிரண்டு நாள் கழித்தும் ஏறும். அது இறங்குவதைப் பார்க்கும்வரை வார்டில்தான் இருக்க வேண்டும்.