மோட்டாரைப் பிரேக்காக மாட்டுவதற்கு முன்

கயிறோ மீன்வலை நூலோ, பாபின் சுற்றுவது பெரிய காரியமில்லை. நூலைக் கொடுக்கிற பாபினை லேசாகப் பிடித்து, நூல் தொய்யாமலும் அறாமலும் வரவைப்பதுதான் பெரும்பாடு. ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கயிற்றுப் பட்டறைகளில் இதற்குப் பழைய வழி ஒரு தோல்பட்டையும் அதன் நுனியில் ஒரு எடைக்கல்லும். பட்டை தேயும், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பிடி மாறும். அதனால் இப்போது ஆக்ரிக் கடையில் (பழைய சாமான் கடை) ஒரு டிரெட்மில் மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இத பிரேக்கா மாட்டித் தாங்க" என்று கேட்கிறார்கள்.

நல்ல யோசனைதான், நானும் மாட்டித் தருகிறேன். ஆனால் சில விஷயங்களைச் சொல்லாமல் மாட்டுவதில்லை.

முதலில் அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். நிரந்தரக் காந்தம் உள்ள டிசி மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். வேகமாகத் திருப்பினால் கடுமையாக எதிர்க்கும், மெல்லத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டராகி, தன் காயிலில் ஓடும் கரண்டால் தன்னையே பிடித்துக்கொள்கிறது. வீட்டுப் பழைய மீட்டரில் அலுமினியத் தட்டைக் கட்டுப்படுத்தும் காந்தமும் இதே குடும்பம்தான். வேகத்துக்கு ஏற்ற எதிர்ப்பு என்பதால் டேம்பராகவும், அதாவது அசைவை மெல்ல அடக்கும் கருவியாகவும் நன்றாக உதவும். ஹாப்பர் (சரக்குக் கொட்டும் தொட்டி) மூடி படாரென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டுமா, சின்ன மோட்டார் போதும். 10க்கு 1 கியர் போட்டால் எதிர்ப்பு 100 மடங்காகும். எண்ணெய் டேம்பர் போலக் கசியும் தொல்லையும் இல்லை.

சரி, பிடித்த சக்தி எங்கே போகும்? சூடாகத்தான் போகும். நூல் நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடுகிறது (இதுதான் லைன் வேகம்), 8 கிலோ இழுவை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 80 வாட் சூடு, இடைவிடாமல். அந்த வேகத்தில் மோட்டார் 20 வோல்ட் தருகிறது, காயில் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம் என்றால், நேராக ஷார்ட் செய்தால் 20 ஆம்பியர். 5 ஆம்பியர் மோட்டார் அதைத் தாங்குமா? உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் பொரிந்து, காயில் கருகி, சில சமயம் காந்தமே வலுவிழந்துவிடும். வெளியே 4 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 4 ஆம்பியர்தான். 80 வாட்டில் 64 வாட் ரெசிஸ்டருக்குப் போகும், மோட்டாருக்குள் 16 வாட் மட்டும். ரெசிஸ்டரை 150 வாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், பாபின் தீரப்போகும்போது வேலையைக் காட்டும். 40 செ.மீ. விட்டத்தில் தொடங்கிய பாபின் 20 செ.மீ. ஆகும்போது, அதே லைன் வேகத்துக்கு அது இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். மோட்டாரின் எதிர்ப்பும் இரண்டு மடங்காகிறது. அந்த எதிர்ப்பு பாதி ஆரத்தில் வேலை செய்வதால் நூலில் இழுவை நான்கு மடங்கு, அதாவது 32 கிலோ. சூடும் 320 வாட். "முக்கால் பாபின் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, அப்புறம் நூல் அறுந்து மோட்டார்ல புகை" என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். தோல்பட்டையில்கூட இழுவை இரண்டு மடங்குதான் ஏறும். இந்த இடத்தில் பழைய பட்டையே தேவலை! அப்போது அந்த 150 வாட் ரெசிஸ்டரும் போதாது, அதனால் கணக்கைக் காலியாகப்போகிற பாபினுக்குப் போடுங்கள். இழுவை சீராக இருந்தே தீர வேண்டும் என்றால் டான்சர் ரோலர் (நூலின் இழுவைக்கு ஏற்ப அசையும் உருளை) வைத்து, அது சொல்கிறபடி கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் வேண்டும். வெறும் ரெசிஸ்டரால் ஆகாது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இந்தப் பிரேக் வேகத்தைக் குறைக்கும், நின்றதைப் பிடித்துவைக்காது. சுற்று நின்றால் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லையென்றால் பிடியும் இல்லை. தொங்கும் பாரம், சரிவில் நிற்கும் டிராலி, கையை உள்ளே விட்டு நூல் கோர்க்கிற இடம், இங்கெல்லாம் கரண்ட் போனதும் ஸ்பிரிங்கால் தானே கவ்வும் மெக்கானிக்கல் பிரேக் கட்டாயம். செலவைப் பார்த்து இதை விடச் சொல்பவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

தண்ணீர் பம்பில் இருக்கிற மாதிரி இண்டக்‌ஷன் மோட்டாரை ஷார்ட் செய்து பிரேக் ஆக்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். அதன் ரோட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, பிடிக்காது. காயிலுக்கு டிசி கொடுத்தால் பிடிக்கும். ஆனால் மழையோடு கரண்ட் போகிற நேரத்தில் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். காந்த மோட்டாரில் அந்தக் கவலை இல்லை. மெஷினை ஓட்டுகிற மோட்டாரையே பிரேக்காகவும் பயன்படுத்தினால், ரெசிஸ்டரைக் கான்டாக்டரின் (கரண்டில் இயங்கும் பெரிய சுவிட்ச்) என்சி பாயின்ட், அதாவது கரண்ட் இல்லாதபோது சேர்ந்திருக்கும் முனை வழியாகக் கொடுங்கள், கரண்ட் போனதும் தானாகச் சேர்ந்துகொள்ளும். மோட்டார் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது சேராதபடி இன்டர்லாக் (ஒன்று சேர்ந்தால் மற்றது சேராத தடுப்பு) இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று நார்த்தூசி. ரெசிஸ்டர் பெட்டி மேல் அது படிந்தால் தீக்குச்சிகூடத் தேவையில்லை. பெட்டியைத் தூசி விழாத சுவரில், ஓட்டை உள்ள தகரக் கூட்டுக்குள் வையுங்கள், வாரம் ஒருமுறை துடையுங்கள். இன்னொன்று உப்புக்காற்று. குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் ஒயர் நுனியில் மாட்டும் லக்குகள் சீக்கிரமே பச்சை பூக்கும். அந்த இணைப்பில் அரை ஓம், ஒரு ஓம் கூடினாலும் பிரேக் அந்த அளவுக்குத் தளரும், ஒயர் விட்டுப்போனால் சத்தமே இல்லாமல் பிரேக் காணாமல் போகும். மாதம் ஒருமுறை மெஷினை நிறுத்தி, மெயினை ஆஃப் செய்து, மோட்டார் பக்கத்து ஒயரைக் கழற்றி, ரெசிஸ்டரும் அதன் ஒயரும் சேர்ந்து மல்டிமீட்டரில் எத்தனை ஓம் காட்டுகிறது என்று பாருங்கள். மாட்டிய அன்றைக்கு எடுத்த அளவைப் பெட்டியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைத்திருந்தால் ஒப்பிடச் சுலபம். பிரஷ் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.