டீசல் எஞ்சினுக்குச் சமையல் காஸ்: ஹோஸைச் சொருகுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டீசல் விலை ஏறும் போதெல்லாம் கராஜுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணன், இதைக் காஸுக்கு மாத்தித் தர ஏலுமா?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022இல் சீனன்குடாவில் அத்தனை எண்ணெய்க் குதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீசலுக்கு வரிசையில் கிடந்த மாவட்டம் எங்கள் திருகோணமலை. அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் அதே பயத்தில் சிலர் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டுக் குசினியில் இருக்கிற 12.5 கிலோ சிலிண்டரில் இருந்து ஒரு ஹோஸை இழுத்து எயார் ஃபில்டருக்குள் சொருகி ஜெனரேற்றர் ஓட்டுகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டீசல் எஞ்சினில், பெற்றோல் எஞ்சினில் போலப் பொறி தட்டிப் பற்றவைக்கிற பிளக் கிடையாது. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கி 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீச்சினால் அது தானாகப் பற்றும், ஏனென்றால் டீசலுக்குக் கிட்டத்தட்ட 210 பாகையே போதும். சமையல் காஸில் இருக்கிற புரொப்பேனுக்கு ஏறக்குறைய 470 வேண்டும், இயற்கை எரிவாயுவிலும் சாணவாயுவிலும் இருக்கிற மீத்தேனுக்கு 540 பக்கம். அதனால் காஸை மட்டும் கொடுத்தால் அந்த நொடிப்பொழுதுக்குள் அது ஒழுங்காகப் பற்றாது, பற்றினாலும் பற்றக்கூடாத நேரத்தில் பற்றும். இரண்டுமே எஞ்சினுக்குக் கேடு.

முறையாகச் செய்வதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, முழுசாக மாற்றுவது: டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் இருந்த இடத்தில் பிளக், புது இக்னிஷன், பிஸ்டனைக் கடைந்தோ மாற்றியோ அமுக்க விகிதத்தை 11, 12 அளவுக்கு இறக்குவது, காற்றை அளந்துவிட த்ரொட்டில், வால்வு சீட்டும் கடினமானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் காஸ் உலர்ந்த எரிபொருள், சாதாரண சீட்டைத் தேய்த்துவிடும். இவ்வளவும் செய்து முடித்தால் அது இனி டீசல் எஞ்சினே இல்லை, திரும்ப டீசலுக்கு வரவும் முடியாது. டெல்லியில் நீதிமன்ற உத்தரவோடு பஸ்களை எல்லாம் சிஎன்ஜிக்கு, அதாவது அமுக்கிய இயற்கை எரிவாயுவுக்கு, கொண்டுவந்தார்கள், ஆனால் அங்கே காஸ் நிரப்ப நிலையங்களும் கட்டினார்கள். இங்கே அப்படி ஒரு சிஎன்ஜி வலையமைப்பே இல்லை. மன்னார்க் கடலில் 2011இல் கண்டுபிடித்த எரிவாயுவும் இன்னும் கரைக்கு வரவில்லை. ஆகவே ஒரு லொறிக்காரர் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

மற்றது இரட்டை எரிபொருள் முறை. காற்றோடு காஸ் கலந்து போகும், கொஞ்சம் டீசல் பீச்சப்பட்டு அது தீக்குச்சி மாதிரி பற்றவைக்கும். ஹோஸைச் சொருகுகிறவர்கள் தெரியாமலே செய்வது இதைத்தான், கட்டுப்பாடு எதுவும் இல்லாமல். காஸ் உள்ளே போனதும் வேகம் கூடப் பார்க்கும், உடனே எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் டீசலைக் குறைக்கும். ஓட்டுகிறவர் "பார், டீசல் குடிக்கிறது குறைஞ்சுட்டுது" என்று சந்தோஷப்படுவார். உள்ளே நடப்பது வேறு. இன்ஜெக்டரில் டீசல் பீச்சுகிற நொசில் முனையைக் குளிர்விப்பதே அதனூடாக ஓடுகிற டீசல்தான், அது அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் முனை வெந்துபோகும். கழற்றிப் பார்த்தால் முனை நீலம் பாய்ந்து, துளைகளைச் சுற்றிக் கரி கட்டியாக இறுகியிருக்கும். லோட் ஏறும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வரும், அது நொக்கிங், காஸ் நேரம் தவறித் தானாகப் பற்றி இடிக்கிற சத்தம். பிஸ்டனின் மேல் விளிம்பை, முதல் ரிங்குக்கு மேலே இருக்கிற அந்தச் சின்னப் பட்டையை, எலி கொறித்த மாதிரி அரித்து வைத்திருக்கும். பியூட்டேன் கூடிய காஸ் என்றால் இது இன்னும் சீக்கிரம் வரும். நம் வீட்டு சிலிண்டரில் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்பதே 2021 கடைசியில் நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையானது நினைவிருக்கும்.

இன்னொன்று. ஸ்டாப் லீவரை இழுத்தால் நிற்பது டீசல் மட்டுந்தான். காஸை நிறுத்த, எஞ்சின் நின்றதும் தானாக மூடுகிற வால்வு தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் எரியாத காஸ் சைலன்சர் வரைக்கும் போய் நிற்கும், அடுத்த ஸ்டார்ட்டில் அது வெடிக்கலாம்.

மீன்பிடிப் போட் வைத்திருப்பவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எஞ்சின் அறைக்குள் சமையல் காஸ் வேண்டவே வேண்டாம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் போய்ப் படுத்துவிடும். காற்றில் 2 வீதம் அளவு இருந்தாலே பற்றும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஒரு பொறி போதும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டு நடுக்கடலில் நிற்கும்போது இது நடந்தால் ஓட எங்கே இடம்?

சரி, மிச்சமாவது பிடிக்குமா? நீங்களே கணக்குப் பாருங்கள். 12.5 கிலோ காஸில் இருக்கிற சக்தி ஏறக்குறைய 16 லீற்றர் டீசலுக்குச் சமம். சிலிண்டர் விலையை 16ஆல் வகுத்து, வருகிற தொகையை ஒரு லீற்றர் டீசல் விலையோடு வைத்துப் பாருங்கள். குறைந்த லோடில் காஸ் சரியாக எரியாமல் புகைபோக்கியால் போவதையும், நொசில், பிஸ்டன் மாற்றும் செலவையும் அதோடு சேர்க்க வேண்டும். முழுதாக மாற்றிய எஞ்சினின் திறன் டீசலைவிடக் குறைவு என்பதால் அங்கே அந்த 16ம் கிடைக்காது.

இந்த இரட்டை எரிபொருள் முறைக்கு உண்மையில் பொருத்தமானவர்கள் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் ஒரே இடத்தில் ஒரே லோடில் எஞ்சின் ஓட்டுகிற அரிசி ஆலைக்காரரும் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுமே. சாணவாயு ஒரு கன மீற்றர் ஏறக்குறைய அரை லீற்றர் டீசலுக்கு ஈடு. அதில் மீத்தேன் அதிகம், அதனால் சமையல் காஸ் போல எளிதில் நொக்கிங் வராது. ஆனால் அதில் கலந்திருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைட்டை இரும்புத் தூள் நிரப்பிய வடிகட்டியில் எடுக்காமல் விட்டால் பெயரிங்கையும் செம்புப் பாகங்களையும் தின்றுவிடும். உமியைக் காற்றுக் குறைவாக விட்டு எரித்து எடுக்கிற வாயுவிலும் டீசலின் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கலாம், தார் வடிகட்டி நன்றாக இருக்க வேண்டும். அந்த வாயுவில் காபன் மொனொக்சைட் இருக்கிறது, மணம் தெரியாது, ஆளைக் கொல்லும். மூடிய கொட்டிலுக்குள் அதை ஓட்டக்கூடாது.

ஏற்கெனவே ஹோஸ் சொருகி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்த சிலிண்டரில் இருந்து ஆவியாக அல்ல, திரவமாகவே காஸ் வரும். அப்புறம் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, நன்றாகக் காற்றோடிய பிறகு மட்டும் சுவிட்சைத் தொடுங்கள். அடுத்து நொசில்களைக் கழற்றி டெஸ்ட் பண்ணுங்கள், கொம்ப்ரஷனும், அதாவது அமுக்கமும், பாருங்கள். எஞ்சினின் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாகக் காட்டினால், ஹெட்டைக் கழற்றி அந்தப் பிஸ்டனைப் பார்க்காமல் மறுபடி லோட் போட வேண்டாம்.