வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டத்தில் சென்று வந்தவர்களுக்கான சமூகப் பணி நிதி: வடசென்னைக் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டியது பணம் வரும் வழி

அமெரிக்க அரசின் ஆதரவில் அந்நாட்டுக்குச் சென்று படித்தோ, பயிற்சி பெற்றோ திரும்பியவர்கள், தங்கள் ஊரில் பொதுமக்களுக்குப் பயன்படும் பணி ஒன்றைச் செய்வதற்கு விண்ணப்பித்துப் பெறக்கூடிய நிதி ஒன்று உண்டு. அதன் பெயர் அலம்னி எங்கேஜ்மென்ட் இன்னோவேஷன் ஃபண்ட், சுருக்கமாக ஏ.இ.ஐ.எஃப். 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிதியை அமெரிக்க வெளியுறவுத் துறையின் கல்வி, பண்பாட்டு விவகாரப் பிரிவு வழங்குகிறது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் ஒரு திட்டத்துக்கு 5,000 முதல் 35,000 டாலர் வரை என்று குறிக்கப்பட்டிருந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 4.25 லட்சம் முதல் 29.75 லட்சம் ரூபாய் வரை. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு படிப்பகத்தையோ மாலைநேர வகுப்பையோ சொந்தப் பணத்தில் நடத்தி வருபவர்களுக்கு இது சிறிய தொகை அன்று.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதில்தான் முதல் குழப்பம் எழுகிறது. அமெரிக்காவில் படித்தவர் எல்லாரும் இதற்குத் தகுதியுடையவர் அல்லர். வங்கியில் கல்விக்கடன் வாங்கி, சொந்தச் செலவில் அங்கே முதுகலை முடித்து வந்தவர் இக்கணக்கில் வரமாட்டார். அமெரிக்க அரசு நிதியளித்த அல்லது ஆதரித்த பரிமாற்றத் திட்டம் ஒன்றில் பங்கேற்றிருக்க வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு நல்கை, பல துறைத் தலைவர்களைச் சில வாரங்களுக்கு அழைத்துச் செல்லும் ஐ.வி.எல்.பி., பணியிலிருக்கும் அலுவலர்களுக்கான ஹம்ஃப்ரி நல்கை, பள்ளி மாணவர்களுக்கான கென்னடி-லூகர் 'யெஸ்' திட்டம், கம்யூனிட்டி காலேஜ் திட்டம் ஆகியவை நம் பக்கத்தில் அதிகம் கேள்விப்படும் பெயர்கள். தனி ஒருவராக விண்ணப்பிக்க முடியாது. இத்தகைய முன்னாள் பங்கேற்பாளர்கள் சேர்ந்த குழுவாகத்தான் வர வேண்டும். குறைந்தது எத்தனை பேர் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். குழுவிலுள்ள அனைவரும் வடசென்னையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. எண்ணூரில் வேலை, உடன் நிற்பவர் மதுரைக்காரர் என்றாலும் குழு குழுதான்.

அறிவிப்பு வரும் ஆண்டுகளில் அந்தந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் விண்ணப்பங்களைப் பெற்று, அவற்றில் தகுதியானவற்றைத் தேர்ந்து வாஷிங்டனுக்கு அனுப்பும்; இறுதித் தேர்வு அங்கே நடைபெறும். சென்னையில் அண்ணா சாலை ஜெமினி அருகிலுள்ள துணைத் தூதரகத்தின் பொது விவகாரப் பிரிவே நம் பகுதிக்கு முன்னாள் பங்கேற்பாளர்களுடன் தொடர்பில் இருக்கும் இடம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது ஆண்டுதோறும் வந்தே தீரும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியையே நிறுத்திவைத்ததை அந்தத் திட்டங்களில் இருந்தவர்கள் நன்கு அறிவார்கள். விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே எழுதத் தொடங்குவது நல்லது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையில் படித்தவர்களுக்கும் இதையொத்த ஒரு முன்னாள் மாணவர் நிதி உண்டு. கீழே சொல்லும் இந்தியச் சட்ட விதிகள் அதற்கும் அப்படியே பொருந்தும்.

இனி, இந்நிதி எதற்குத் தரப்படும், எதற்குத் தரப்படாது என்ற விஷயம். இது பொருள் வாங்கிக் கொடுக்கும் நிதி அன்று. மனிதர்களுக்குத் திறனும் வாய்ப்பும் உண்டாக்கும் வேலைக்கான நிதி. கட்டடம் கட்ட, விலையுயர்ந்த கருவிகள் வாங்க, ஊழியருக்கு மாதச் சம்பளம் தர, அலுவலக வாடகை கட்ட, மாணவருக்குத் தனித்தனியாகக் கல்வி உதவித்தொகை தர, பரிசுப் பொருள் வழங்க, அறப்பணியாக அரிசி, போர்வை கொடுக்க இதில் இடமில்லை. கல்வித்துறை ஆராய்ச்சி, லாப நோக்கமுள்ள தொழில், சமயப் பணி, கட்சி அரசியல் ஆகியவற்றுக்கும் இல்லை. பங்கேற்பவரிடம் கட்டணம் வசூலிக்கவும் கூடாது. தண்டையார்பேட்டையில் நாங்கள் முதல்முறை எழுதிய விண்ணப்பத்தில், மாலை வகுப்புப் பிள்ளைகள் 30 பேருக்குத் தலா ஒரு டேப்லெட் கணினி என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தோம். பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் தேவை என்பதும் இந்நிதியின் நோக்கம் என்பதும் வேறுவேறு என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. அந்த விண்ணப்பம் முதல் சுற்றையே தாண்டவில்லை.

எப்படிப்பட்ட திட்டம் பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்ததை எண்ணூர்க்காரர்கள் மறக்கவில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், கழுத்தில் கட்டிய பறியோடு கரையேறும்போது, இன்றைக்குத் தண்ணீர் சரியில்லை என்று தோலின் எரிச்சலை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்த அறிவை எண்களாக எழுதிவைக்க அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் திட்டம். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய இடங்களில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள், நீரின் உப்புத்தன்மையையும் அமிலத்தன்மையையும் அளந்து, நாட்குறிப்பாகப் பதிந்து, தமிழில் கையேடாக வெளியிடுகிறார்கள். திட்டம் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் முடியக்கூடியதாக இருக்க வேண்டும், இது முடியும்.

இதற்கு ஒரு மாதிரி பட்ஜெட் போட்டுப் பார்ப்போம். ஓர் அணிக்கு 24 வகுப்புகள். வகுப்புக்குப் பயிற்றுநர் மதிப்பூதியம் 2,500 ரூபாய் வீதம் 60,000. மண்டப வாடகை 1,000 வீதம் 24,000. 40 பேருக்குத் தேநீரும் சுண்டலும் தலைக்கு 40 ரூபாய் வீதம் 38,400. படகு வாடகை 12 முறைக்கு 3,000 வீதம் 36,000. கையேடு 500 பிரதி, 60 ரூபாய் வீதம் 30,000. கையடக்க அளவி 6, தலா 4,000 வீதம் 24,000. ஆடிட்டர் கட்டணம் 15,000. கூட்டினால் 2,27,400 ரூபாய் வருகிறது. குறைந்தபட்சமான 5,000 டாலரைக்கூட இது தொடவில்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வாடகையை இரட்டிப்பாக்கி, சாப்பாட்டைப் பிரியாணியாக்கி எண்ணைப் பெருக்குகிறார்கள். தேர்வுக் குழுவினர் அதை ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள். அளவுக்கு மீறிய உணவுச் செலவு விதிப்படியே ஏற்கப்படாது. அதற்குப் பதிலாக ஒரே வேலையை மூன்று அணிகளாக, வெவ்வேறு நாளில் நடத்தலாம். அளவியும் ஆடிட்டரும் பொதுவாக இருக்க, மற்றவை மும்மடங்கானால் 6,04,200 ரூபாய். சுமார் 7,100 டாலர். பயன்பெறும் பிள்ளைகளும் 120 பேர் ஆகிறார்கள். பட்ஜெட்டை இப்படி வேலையைக் கொண்டு வளர்க்க வேண்டும். விலையைக் கொண்டு வளர்க்கக் கூடாது.

அடுத்துச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம். வெளிநாட்டு அரசு தரும் பணம், இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., இதற்குப் பொருந்தும். சமூக, கல்வி, பண்பாட்டுப் பணிக்காக இத்தகைய பணத்தைப் பெற விரும்புபவர் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவுச் சான்றிதழையோ முன் அனுமதியையோ பெற்றிருக்க வேண்டும். 'நபர்' என்ற சொல்லுக்குள் தனிநபரையும் இச்சட்டம் அடக்குகிறது. ஆகையால் "நான் சங்கம் இல்லை, தனி ஆள்தானே, என் சேமிப்புக் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன்" என்பது செல்லாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நல்லெண்ணத்தோடு புறப்பட்டவர்கள் இதில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதே என் கவலை.

பதிவு பெற, அமைப்பு குறைந்தது மூன்றாண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அம்மூன்றாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். காசிமேட்டில் பத்துப் பேர் சேர்ந்து சந்தா போட்டு நடத்தும் சங்கம் இந்த அளவை எட்டுவது கடினம். அவர்களுக்குள்ள வழி முன் அனுமதி. குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடமிருந்து, குறிப்பிட்ட ஒரு பணிக்காக, குறிப்பிட்ட தொகையைப் பெறுவதற்கு மட்டும் தரப்படும் அனுமதி இது. கொடையாளர் தரும் உறுதிக் கடிதத்தோடு எஃப்.சி.-3பி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 90 நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிர்வாகிகளின் ஆதார் எண், தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெற்ற அடையாள எண் ஆகியவற்றை முன்பே கையில் வைத்திருந்தால் மாதங்கள் மிச்சமாகும்.

பதிவு பெற்ற ஒரு பெரிய அமைப்போடு சேர்ந்துகொள்வது இன்னொரு வழி. இங்கே 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு கதவை அடைத்துவிட்டதை மறக்கக் கூடாது. அதற்கு முன் ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர வழி இருந்தது. இப்போது அறவே கூடாது. ஆகவே பெரிய அமைப்பு பணத்தை வாங்கி, உங்கள் சங்கத்தின் கணக்குக்குப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள இயலாது. பணத்தைப் பெற்ற அமைப்பே பயிற்றுநருக்கும் அச்சகத்துக்கும் மண்டபத்துக்கும் நேரடியாகச் செலவு செய்ய வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு மட்டுமே, செலவுக்காக உள்ளூர் வங்கியில் வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவற்றை எல்லாம் அந்த அமைப்போடு எழுத்தில் பேசி முடித்த பிறகே விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் தொட வேண்டும்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்களோடு சேர ஒப்புக்கொண்ட ஓர் அமைப்பின் அலுவலகச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய எஃப்.சி.ஆர்.ஏ. சான்றிதழைப் பார்த்து நாங்கள் நிம்மதி அடைந்தோம். விண்ணப்பத்துக்காக அதைக் கழற்றி நகல் எடுக்கும்போதுதான், கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த தேதி கண்ணில் பட்டது. பதிவு ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அது முன்னரே காலாவதியாகியிருந்தது. மூன்று வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியது அந்த ஆண்டு வீணாயிற்று. எந்த அமைப்பின் பதிவு நடப்பில் உள்ளது என்பதை உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. இணையதளத்தில் மாநில வாரியாக யாரும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் இதே சட்டம் பார்க்கிறது. அரசு ஊழியர், அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் பணியாளர், நீதிபதி, சட்டமன்ற உறுப்பினர், பதிவுபெற்ற பத்திரிகையின் செய்தியாளர், அப்பத்திரிகையின் ஆசிரியர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெற மூன்றாம் பிரிவு தடை விதிக்கிறது. பரிமாற்றத் திட்டங்களில் சென்று வந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் கணிசமானவர்கள் என்பதால் இது நம்மை நேராகத் தொடுகிறது. மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் குழுவில் இருந்தால், பணம் அவர் பெயரில் வரக் கூடாது. அவருக்கு மதிப்பூதியம் என்ற வரியே பட்ஜெட்டில் இல்லாதிருப்பது பாதுகாப்பு. அவர் தம் துறையின் அனுமதியை எழுத்தில் பெற்று, அறிவாலும் நேரத்தாலும் உதவுவதே முறை.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட வேண்டும். ஆனாலும் திட்டத்தை முதலில் தமிழில் எழுதி, யாருக்காகச் செய்கிறோமோ அந்தத் தாய்மார்களிடம் படித்துக் காட்டுங்கள் என்பது என் வேண்டுகோள். "சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு வெச்சா யாரு வருவா, ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஐஸ் ஒடைக்கிற நேரம்மா அது" என்று காசிமேட்டு அக்கா ஒருவர் சொன்ன ஒரே சொல்லில் எங்கள் கால அட்டவணை முழுதும் மாறியது. நடைமுறைக்கு ஒத்துவருமா, நிதி முடிந்த பிறகும் வேலை தொடருமா, பயனை எப்படி அளப்பீர்கள் என்பனவே மதிப்பீட்டில் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. அவற்றுக்கான பதில் அந்தத் தாய்மார்களிடம்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. பெற்றுத் தருகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நிதி கிடைத்த பிறகு, ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவைத் திட்டக் கணக்கில் எழுத முடியாது என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். இறுதி அறிக்கை கொடுத்து மூன்றாண்டுகள் வரை கணக்கு ஆவணங்கள் அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். எஃப்.சி.ஆர்.ஏ. ஆண்டறிக்கையான எஃப்.சி.-4, நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், பணத்தைப் பெற்ற அமைப்பால் தாக்கல் செய்யப்பட வேண்டும். அச்சகமும் மண்டபமும் பில் தந்துவிடும். படகுக்காரரும் சுண்டல் போடும் அம்மாவும் தரமாட்டார்கள். ஆகவே முதல் நாளே ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கிவிடுங்கள். தேதி, படகின் பதிவு எண், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, தொகை, கையெழுத்து அல்லது கைநாட்டு என்று கரையில் நிற்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் பெற வேண்டும்.