ஒரு வரி விளக்கம் போதாது: டிஎன்எஸ் ரெக்கார்டை நீக்கும் டூலை ஏஐ ஏஜென்டிடம் கொடுக்கும்போது

டிஎன்எஸ் என்பது ஒரு டொமைன் பெயருக்கான முகவரி, மெயில் போன்ற விவரங்களை ரெக்கார்டுகளாக வைத்திருக்கும் அமைப்பு. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் டொமைனில், டொமைன் அவருடையதுதான் என்று ஒரு சேவைக்குக் காட்டும் பழைய சரிபார்ப்பு ரெக்கார்டு ஒன்று தேவையில்லாமல் கிடந்தது. அதை நீக்கும்படி ஏஐ ஏஜென்டிடம் சொன்னோம். சில வினாடிகளில் ‘நீக்கியாயிற்று’ என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் போன். அவர்கள் அனுப்பும் பில் மெயில்கள் எல்லாம் ஸ்பேமில் போய் விழுகின்றனவாம்.

சப்டொமைன் எதுவும் சேராத அந்த வெறும் டொமைன் பெயரில் மூன்று டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் இருந்தன. இரண்டு, வெவ்வேறு சேவைகளுக்கான சரிபார்ப்புகள். மூன்றாவது எஸ்பிஎஃப், இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்று சொல்வது. மூன்றுக்கும் பெயர் ஒன்றே, வகையும் ஒன்றே. ஏஜென்ட் பயன்படுத்திய எங்கள் டூலோ பெயரையும் வகையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, பொருந்தியதை எல்லாம் நீக்கிவிட்டது. அந்த டூலுக்கு நான் எழுதிவைத்திருந்த விளக்கம் இவ்வளவுதான்: “டிஎன்எஸ் ரெக்கார்டை நீக்கும்.”

ஏஜென்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மில் ஒருவர் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் மூன்று வரிகளையும் பார்ப்பார், கை ஒரு நொடி நிற்கும். ஏஜென்டுக்கு அந்தத் திரை கிடையாது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு என்ற பட்டியல், இவைதான் அதன் கையில் இருந்தவை. ‘பொருந்தும் எல்லாம் போய்விடும்’ என்பதை நான் எழுதவில்லை, அதனால் அதற்குத் தெரியவில்லை.

அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இல் ஒரு ரெக்கார்டை நீக்க வேண்டுமானால் பெயர், வகை, டிடிஎல் (பதிலை எத்தனை வினாடி சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற அளவு), மதிப்பு நான்கும் இப்போது இருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். முன்பு இதை வீண் தொல்லை என்று நினைத்திருக்கிறேன். இப்போது எங்கள் டூலும் அப்படித்தான்: ரெக்கார்டின் ஐடியையும், அதில் இருக்க வேண்டிய மதிப்பையும் சேர்த்துக் கேட்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தொடாது. நீக்கியதும் பழைய வரியை முழுதாகத் திருப்பித் தரும், தேவைப்பட்டால் மறுபடி போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் ஐடி புதிதாக வரும். அதையும் விளக்கத்தில் எழுதியாக வேண்டும்.

எழுத எனக்கு அதிக நேரம் பிடித்தது கேஷ், அதாவது சேமித்து வைத்த பழைய பதில்கள், பற்றிய பகுதி. நீக்கிய பிறகு ஏஜென்ட் சரிபார்க்கும். ஏதோ ஒரு ரிசால்வரை, அதாவது டிஎன்எஸ் பதிலைத் தேடித் தரும் சர்வரை, கேட்கும். டிடிஎல் 3600 என்றால் ஒரு மணி நேரம் வரை பழைய பதிலே வரலாம். உடனே ‘நீங்கவில்லை போலிருக்கிறது’ என்று முடிவுகட்டி, அடுத்து எதையாவது நீக்கப் போகும். அதனால் விளக்கத்தில் இப்படி இருக்கிறது: “சரிபார்க்க அந்த டொமைனின் சொந்த நேம் சர்வரையே கேள். மற்ற ரிசால்வர்களில் டிடிஎல் முடியும் வரை பழைய பதில் வரலாம். அது பிழை இல்லை.” தலைகீழாகவும் நடக்கும். தவறுதலாக நீக்கியதை உடனே திரும்பப் போட்டாலும், இடைப்பட்ட நேரத்தில் கேட்ட ரிசால்வர்கள் ‘இல்லை’ என்ற பதிலை வைத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்பதை, டொமைனின் அடிப்படை அமைப்புகளைச் சொல்லும் எஸ்ஓஏ ரெக்கார்டு தீர்மானிக்கிறது.

அப்புறம் ‘கிடைக்கவில்லை’ என்ற பிழை. நான் கவனித்த வரையில், இந்தப் பதில் வந்தால் ஏஜென்ட் கிட்டத்தட்ட அதே பெயருள்ள இன்னொன்றைத் தேடி எடுக்கும். உதவ நினைத்துத்தான் செய்கிறது. நீக்கும் வேலையில் அந்த உதவி வேண்டாம். “கிடைக்காவிட்டால் நிறுத்து, கேட்டவரிடம் சொல்” என்று நேராகவே எழுதிவிட்டோம்.

இதற்காக ஏஜென்டுக்கு நீக்கும் டூலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடுவது சிநேம் ரெக்கார்டு. மூடிவிட்ட கிளவுட் சேவையைக் காட்டிக்கொண்டிருக்கும் பழைய சிநேமை அப்படியே விட்டால், வேறு யாராவது அதே பெயரை அங்கே பதிந்து உங்கள் சப்டொமைனில் தங்கள் பக்கத்தை வைத்துவிட முடியும். சுத்தம் செய்வது அவசியமான வேலைதான்.

ஆபத்து ஏஐயோடு நிற்பதும் இல்லை. 2025 அக்டோபரில் அமேசானின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவை முடங்கியது. அங்கே ஒரு தானியங்கி நிரல் தாமதமாக ஒரு பழைய டிஎன்எஸ் திட்டத்தை எழுத, இன்னொன்று ‘இது பழையது’ என்று அதை அழிக்க, அந்தச் சேவையின் ரெக்கார்டே காலியாகிவிட்டது. தானாகச் சரியாகவில்லை, ஆட்கள் கைவைத்துத்தான் சரிசெய்தார்கள்.

விளக்கம் பூட்டு ஆகாது, அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் ஏஜென்டின் டோக்கன், அதாவது அனுமதிச் சாவி, ஒரே ஒரு ஜோனுக்கு (ஒரு டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்புக்கு) மட்டும் செல்லும். வெறும் டொமைன் பெயரில் உள்ள எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்வது), எஸ்பிஎஃப் ரெக்கார்டுகளை நீக்கச் சொன்னால் டூலே மறுத்துவிடும். மறுக்கும்போது வெறும் ‘அனுமதி இல்லை’ என்று நிறுத்துவதில்லை. “இது மெயில் போக்குவரத்துக்கான ரெக்கார்டு. நீக்க ஒரு மனிதரின் ஒப்புதல் தேவை. வேறு வழி தேடாதே” என்று காரணத்தோடு சொல்கிறது. ஏஜென்ட் அதை அப்படியே எங்களிடம் கொண்டுவருகிறது.