வளங்குன்றாமை: கார் ஆலைக்குப் பொருந்தும் சொல் எது?

கார்த் தொழிலைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில், 'டிஜிட்டல் தொழில்நுட்பமும் நிலைத்தன்மையும் கார் உற்பத்தியை அடியோடு மாற்றிவருகின்றன' என்ற வாக்கியம் சிற்சில மாற்றங்களோடு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வளங்களை எடுக்க எடுக்கக் குறையாமல் காப்பதைக் குறிக்கும் 'சஸ்டெயினபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் 'நிலைத்தன்மை' வந்து அமர்ந்துவிட்டது. ஒரு மெக்கானிக்கோ, பொறியியல் மாணவரோ, கார் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வாசகரோ இந்த வாக்கியத்திலிருந்து என்ன பொருள் கொள்வார் என்று எழுதியவர் ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால், இந்தச் சொல்லை இங்கே இட்டிருக்க மாட்டார். கார் என்று வந்துவிட்டால் நிலைத்தன்மைக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. அது ஆங்கிலத்தில் 'ஸ்டெபிலிட்டி' எனப்படுவது. இரண்டும் வேறு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'சஸ்டெயின்' என்பது லத்தீனில் கீழிருந்து தாங்கிப் பிடித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 'ஸ்டெபிலிட்டி' நிற்றலைக் குறிக்கும் வேறொரு வினையிலிருந்து வந்தது. ஆனால் இன்று நாம் பேசும் கருத்துக்கு மூலம் லத்தீன் அன்று, ஜெர்மன். சாக்சனி நாட்டின் ஃப்ரைபெர்க் நகரில் சுரங்க நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713-இல் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். வெள்ளிச் சுரங்கங்களுக்குத் தாங்குமரங்கள் வேண்டும், உலைகளுக்கு விறகும் கரியும் வேண்டும், காடோ சுருங்கிக்கொண்டே போகிறது. காடு எவ்வளவு வளர்த்துத் தருகிறதோ அவ்வளவே வெட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த நூலில் அவர் ஆண்ட அடைமொழியிலிருந்துதான் 'நாக்ஹால்டிக்கைட்' என்ற ஜெர்மன் சொல் கிளைத்தது. அதைக் காட்டியல் அறிஞர்கள் ஆங்கிலத்தில் ஆக்கியபோது, விளைச்சல் குறையாமல் தொடர்ந்து கிடைத்தல் என்ற பொருளிலேயே ஆக்கினார்கள். பின்னர் 1987-இல், ஐக்கிய நாடுகள் அவை அமைத்த புருண்ட்லாந்து ஆணையத்தின் அறிக்கை, வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி என்று அதற்கு இலக்கணம் வகுத்தது. இந்த வரலாற்றின் எந்தக் கட்டத்திலும் அசையாமல் நிற்றல் என்ற பொருள் தலைகாட்டவே இல்லை. எடுக்க எடுக்கக் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முதலிலிருந்து இதன் பொருள்.

நிலைத்தன்மைக்கு வருவோம். ஓடும் வண்டி வளைவில் சறுக்காமலும் கவிழாமலும் சாலையைப் பற்றி நிற்பதுதான் வண்டியின் நிலைத்தன்மை. ஸ்டியரிங் திரும்பிய கோணத்தையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாதபோது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும் மின்னணு ஏற்பாட்டை, பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து மெர்சிடிஸ் 1995-இல் தன் உயர்வகைக் காரில் பொருத்தியது. இரண்டே ஆண்டுகளில், 1997-இல், அதே நிறுவனத்தின் சிறிய ஏ-கிளாஸ் கார் சுவீடனில் நடந்த சோதனையொன்றில் திடீரென்று வளைத்துத் திருப்பியபோது கவிழ்ந்தது. அதன்பின் அந்தச் சிறிய காரிலும் இந்த ஏற்பாடு கட்டாயமாக இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் அது இருந்தாக வேண்டும். இதைத் தமிழில் 'மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு' என்றுதான் எழுதுகிறோம். அப்படி எழுதுவது முற்றிலும் சரி. 'இந்தக் காரின் நிலைத்தன்மை மேம்பட்டிருக்கிறது' என்று எழுதினால், சறுக்காது, கவிழாது என்றே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். அதே கட்டுரையின் அடுத்த பத்தியில் 'நிறுவனம் நிலைத்தன்மையில் கவனம் செலுத்துகிறது' என்று வந்தால், அங்கே கழிவுநீரும் கரியமில வாயுவும் பேசப்படுகின்றன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பேட்டரிக்குள் போனால் குழப்பம் இன்னும் முற்றுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்களைப் பல நிறுவனங்கள் விரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவற்றின் வேதிக்கட்டமைப்பு சூட்டில் எளிதில் குலையாது. இது வெப்ப நிலைத்தன்மை. இரண்டாவது, அவற்றில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. அந்த உலோகங்களைத் தோண்டி எடுக்கும் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது. ஆங்கிலக் கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இருவேறு சொற்களால் சொல்லிவிடுவார். தமிழில் இரண்டுக்கும் 'நிலைத்தன்மை' என்று எழுதுகிறவர், 'இந்த மின்கலம் நிலைத்தன்மையிலும் நிலைத்தன்மையிலும் சிறந்தது' என்று எழுத வேண்டிவரும். அது கூடாது என்று தெரிந்து ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்படும் ஒன்றில் வாசகருக்குப் பாதிச் செய்தி போய்விடுகிறது.

பெயரடையாக வரும்போதும் இதே சிக்கல்தான். 'நிலையான அலுமினியம்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் இருந்தது. வேதியியல் படித்தவர் அதை எளிதில் வினைபுரியாத அலுமினியம் என்று கொள்வார். மூலம் சொல்ல வந்ததோ வேறு: தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் கதவையும் பானெட்டையும் வெட்டியபின் மிஞ்சும் தகட்டுத் துண்டுகளைக் கலவை வாரியாகப் பிரித்துத் திருப்பி அனுப்பி, உருக்கி, மறுபடி தகடாக்கிப் பயன்படுத்துதல். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும் இதற்கு. இவ்வளவு பெரிய சேமிப்பைச் சொல்ல வந்த வாக்கியம், 'நிலையான' என்ற ஒரு சொல்லால் பொருளற்றுப் போகிறது. 'நிலையான உற்பத்தி' என்றால் ஏற்ற இறக்கம் இல்லாமல் மாதாமாதம் ஒரே அளவில் வண்டி வெளியே வருவதாகத் தோன்றும். 'நிலைத்தன்மை அறிக்கை' என்றால் நிறுவனம் கடனில் மூழ்காமல் இருக்கிறதா என்று சொல்லும் கணக்கறிக்கையாகத் தோன்றும். பொருள் தெரியாமல் நிற்கும் சொல்லைவிட, தவறான பொருளைத் தெளிவாகத் தரும் சொல் அதிகக் கேடு செய்யும். தெரியாத சொல்லை வாசகர் தேடிப் பார்ப்பார், தெரிந்த சொல்லை அப்படியே நம்பிக் கடந்துபோவார்.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் கடினமான கேள்வியல்ல. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற 17 இலக்குகள் 'நிலையான வளர்ச்சி இலக்குகள்' என்று தமிழில் வழங்கத் தொடங்கின. வளர்ச்சியோடு சேர்ந்து வரும்போது அந்தச் சொல் ஓரளவு தப்பிப் பிழைத்தது. பிறகு அதைத் தனியே பிய்த்தெடுத்து, தொழில்துறைக் கட்டுரைகளில் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினார்கள். மொழிபெயர்ப்பு மென்பொருளும் அதையே கற்றுக்கொண்டு அதையே திருப்பித் தருகிறது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருப்பவர்கள் வாக்கிய இலக்கணத்தைத் திருத்திவிட்டுச் சொற்பொருளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இதே கட்டுரைகளில் ஓர் ஆலையின் கணினிப் பிரதிக்கு 'டிஜிட்டல் இரட்டையர்' என்று எழுதுவதையும் பார்க்கிறோம். 'இரட்டையர்' உயர்திணைப் பன்மை. கட்டடத்தையும் எந்திரத்தையும் 'அர்' விகுதி போட்டு எழுதும்போது தமிழ்க் காது உறுத்தியிருக்க வேண்டும். 'டிஜிட்டல் இரட்டை' என்று நிறுத்தியிருந்தாலே போதும்.

போட்டிக்கு வேறு சொற்களும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடாமல் எடைபோட வேண்டும். தமிழக அரசு வழக்கில் 'நீடித்த' என்ற அடை பரவலாக இருக்கிறது. 'நீடித்து உழைக்கும்' என்ற தொடர் பொருள்களின் ஆயுளைக் குறித்து விளம்பரங்களில் ஊறிப்போன ஒன்று என்பதால், 'நீடித்த கார்' என்றால் பல ஆண்டு ஓடும் கார் என்றே பொருள்படும். மேலும், 'நீடித்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். வருங்காலத் தலைமுறையை நோக்கி நிற்கும் ஒரு கருத்துக்கு, நடந்து முடிந்ததைச் சுட்டும் எச்சம் ஒட்டாது. இலங்கையில் 'நிலைபேறான', 'பேண்தகு' ஆகிய இரண்டும் வழக்கில் இருக்கின்றன. நிலைபேறு நிலைத்தன்மையின் உடன்பிறப்பு. அதே குறை அதற்கும் உண்டு. பேண்தகைமை அவ்வாறன்று, அழகாகப் புனையப்பட்ட சொல். காத்து வளர்த்தல் என்ற பொருள் 'பேண்' என்ற வேரில் இருக்கிறது. அரசியலிலும் சூழலியலிலும் அது நன்றாகவே ஓடுகிறது. எந்திரங்களின் உலகில் மட்டும் அது தடுமாறுகிறது: ஒரு பாகம் எளிதாகப் பழுதுபார்த்துப் பராமரிக்கத்தக்கதா என்பது தனியொரு பொறியியல் பண்பு, 'பேணத்தக்க' என்ற தொடர் அதற்குத்தான் இயல்பாகப் பொருந்தும். 'பசுமை' என்பதோ சூழலை மட்டும் தொட்டு நின்றுவிடும். தாதுவும் தண்ணீரும் தொழிலாளர் நலமும் அதற்குள் அடங்கா.

என் தேர்வு 'வளங்குன்றாமை'. இது நாற்காலியில் உட்கார்ந்து நேற்றுப் புனைந்த சொல்லன்று. 'கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை' என்பது 736-ஆம் குறள். கேடு வந்த காலத்திலும் வளம் குறையாத நாடே நாடுகளில் தலைசிறந்தது என்கிறது அது. வான்சிறப்பில், மழையாகிய வருவாய் வளம் குன்றினால் உழவர் ஏர் பூட்டி உழமாட்டார் என்று சொல்லும் 14-ஆம் குறளிலும் 'வாரி வளங்குன்றிக் கால்' என்று இதே இணை வருகிறது. 'வாரி' என்பது விளைவு, வருவாய். கார்லோவிட்ஸ் காட்டைப் பற்றிக் கவலைப்பட்டதும் வாரி வளம் குன்றுவதைப் பற்றித்தான். மூலக் கருத்துக்கு இவ்வளவு நெருக்கமான தொடர் நம்மிடம் ஆயத்தமாக இருக்கும்போது, அதை விட்டுவிட்டு அசையாமையைக் குறிக்கும் சொல்லைத் தேடிப்போக வேண்டியதில்லை. 'உடல்நலம் குன்றினார்', 'விளைச்சல் குன்றியது' என்று இன்றும் எழுதுகிறோம். ஆகவே வினையும் உயிரோடு இருக்கிறது. 'வளங்குன்றா வளர்ச்சி', 'வளங்குன்றா வேளாண்மை' ஆகிய தொடர்களும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ஆலைக்குள் கொண்டுவர வேண்டியது மட்டும்தான் மிச்சம்.

எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் உடன்பாட்டில் இருப்பது தமிழிலும் உடன்பாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, அழுக்காறாமை என்று உயர்ந்த பண்புகளையே எதிர்மறையில் பெயரிட்டு அதிகாரம் வகுத்த மொழி இது. நீளமாக இருக்கிறது என்பது இன்னொரு குறை. 'சஸ்டெயினபிலிட்டி'யைத் தமிழில் எழுதிப் பார்த்தால் அதற்கு ஒன்பது எழுத்து, இதற்கு ஏழு. வளம் என்றால் இயற்கை வளம் மட்டும்தானே, தொழிலாளர் நலனும் அந்தக் கருத்தில் அடங்குமே என்று கேட்பவர்களின் கேள்வி மட்டும் சற்று வலுவானது. ஆனால் மனிதவளம் என்று அலுவலகங்களில் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு, மனிதரும் வளத்துக்குள் அடங்குவர் என்பது புதிதாக இராது.

ஆலையில் வைத்து இச்சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம். ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் பிஎம்டபிள்யூ கட்டிய ஆலை, 2023 மார்ச்சில் முதலில் கணினிக்குள் திறக்கப்பட்டது. எந்திரக் கை எங்கே நிற்கும், உடற்கூடு எந்த வழியாக நகரும், எங்கே இடிக்கும் என்பதையெல்லாம் திரையிலேயே ஓட்டிப் பார்த்துத் திருத்தியபின், 2025-இல் உண்மையான ஆலையில் உற்பத்தி தொடங்கியது. கார் ஆலையில் ஆற்றலை அதிகமாக விழுங்கும் இடங்களில் பெயின்ட் பிரிவும் ஒன்று. பெயின்ட் அடித்த உடற்கூட்டை உலர்த்தும் அடுப்புகள் 180 பாகை செல்சியஸ் வரை சூடேறும், வழக்கமாக அவை இயற்கை எரிவாயுவில் எரியும். டெப்ரெட்செனில் அந்த அடுப்புகளுக்கும் மின்சாரமே போகிறது. ஆலைக்கு ஓராண்டில் வேண்டிய மின்சாரத்தில் ஏறத்தாழ கால்பங்கை வளாகத்திலேயே உள்ள சூரிய மின்தகடுகள் தரும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். இதை 'நிலைத்தன்மை வாய்ந்த ஆலை' என்றால் நிலநடுக்கத்துக்கு அசையாத கட்டடம் என்று தோன்றும். 'வளங்குன்றா உற்பத்தி' என்றால் எரிபொருளும் பொருளும் வீணாகாத உற்பத்தி என்று, முன்பின் கேட்டிராதவருக்கும் பாதியாவது விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுப் பேட்டரிச் சட்டத்திலும் இச்சொல் நன்றாக அமர்கிறது. 2027 பிப்ரவரி முதல், மின்கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஜிட்டல் கடவுச்சீட்டு வேண்டும். மேலே ஒட்டிய கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால், அது எங்கே ஆனது, உள்ளே என்னென்ன உலோகங்கள், அவற்றில் மறுசுழற்சியில் வந்தவை எவ்வளவு என்ற விவரங்கள் வர வேண்டும். 2031 முதல் கோபால்ட்டில் 16 விழுக்காடும், லித்தியத்திலும் நிக்கலிலும் தலா 6 விழுக்காடும் மறுசுழற்சியில் வந்தவையாக இருந்தாக வேண்டும். டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் இந்தக் கருத்தையும் ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறார்கள் என்பது இங்கே தெளிவாகிறது: எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு திருப்பிச் சேர்த்தோம் என்ற கணக்கு இல்லாமல் வளம் குன்றவில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சாக்சனியில் மரங்களை எண்ணச் சொன்னார்கள். அதே சாக்சனியின் ஸ்விக்காவ் நகரில் ஃபோக்ஸ்வாகன் ஆலை 2020-இல் தன் கடைசி கோல்ஃப் காரை வெளியேற்றிவிட்டு மின்கார்களுக்கு முழுமையாக மாறியது; இனி அங்கே எண்ண வேண்டியவை பேட்டரிக்குள் இருக்கும் உலோகங்கள்.

எதிர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் 'நிலையற்ற' என்று எழுதுவதும் உடன் மறைய வேண்டும். தண்ணீரையும் தாதுவையும் திரும்ப நிரப்பாமல் எடுக்கும் முறையை 'வளமழிக்கும் முறை' என்றே சொல்லலாம். யார் என்ன செய்கிறார்கள் என்பது அதில் மறைவின்றித் தெரியும். அதேசமயம், 'சஸ்டெயின்' என்ற வினை வரும் இடங்களிலெல்லாம் வளங்குன்றாமையைப் பெய்துவிடவும் கூடாது. சந்தையில் தேவை விடாமல் நீடிப்பதைச் சொல்லும்போது 'தொடர்ச்சியான தேவை' என்றும், விபத்தில் அடிபட்டதைச் சொல்லும்போது 'காயமுற்றார்' என்றும், ஒரு தூண் பாரத்தைத் தாங்குவதைச் சொல்லும்போது 'தாங்குகிறது' என்றும்தான் எழுத வேண்டும்.