பெட்ரோல் ஃபில்டரை மாற்றியும் வண்டி நிற்கிறதா? டேங்கைத் திறந்து பாருங்கள்

60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும் 100 சிசி பைக், பத்து நிமிடத்தில் திணறி நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம் விட்டு உதைத்தால் கிளம்புகிறது. மெதுவாக ஓட்டினால் தொந்தரவே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்கு முன் விற்ற கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வண்டிகளில் இப்படி நடந்தால், முதலில் பெட்ரோல் வரும் பாதையைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வண்டிகளில் பம்பு கிடையாது. பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. 30 செ.மீ. உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் வெறும் 0.02 பார் (அழுத்தத்தின் அலகு). பெட்ரோலைப் பீச்சியடிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பு ஏறக்குறைய 3 பார் தரும். அதனால்தான் இங்கே மெல்லிய அழுக்குப் படலமே பெட்ரோலை மறித்துவிடுகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியின் ஃபில்டரை வாங்கி மாட்டினாலும் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றதும் கார்புரேட்டர் கிண்ணம் மெல்ல நிரம்பிவிடுவதால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ என்ற குழாயை மூடி, கார்புரேட்டர் பக்கத்து ட்யூபைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, ‘காக்’கைத் திறங்கள். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டி 60 வேகத்தில் குடிப்பது நிமிடத்துக்கு 20 மில்லிதான். ஆனால் மேடேறும்போது அதைவிடக் கூடுதலாக வேண்டும். தாரையாகக் கொட்டாமல் சொட்டினால் அடைப்பு. முதலில் நன்றாக வந்து பிறகு மெலிந்தால் டேங்க் மூடியைத் திறங்கள். உடனே வேகம் பிடித்தால் குற்றவாளி ஃபில்டர் அல்ல, மூடியில் அடைபட்ட காற்றுத் துளை.

ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. இந்த நிலையில் ஃபில்டரை மட்டும் மாற்றுவது வீண்செலவு. சில வாரங்களில் அதுவும் அடைபடும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து சொட்டாகும். பெட்ரோலை விடக் கனமான தண்ணீர் அடியில் தங்கி இரும்பை அரிக்கும். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனிப் படலமாக அடியில் இறங்கிவிடும். ரிசர்வ் துளை இருப்பதும் அடியில்தான். ரிசர்வில் போட்டதும் வண்டி இருமினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சுத்தம் செய்ய, பெட்ரோலை முழுக்க வடித்து, ‘காக்’கையும், டேங்கில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையையும் கழற்றுங்கள். காக்கோடு வரும் வலைக்குழாய் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். டேங்கை இரண்டு மூன்று முறை சோப்புத் தண்ணீரில் அலசி, துளைகளை ரப்பரால் அடைத்து, 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றுங்கள். மூடியை இறுக்கக் கூடாது. அமிலமும் இரும்பும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். 12 மணி நேரம் ஊறட்டும். துரு தடிமனாக இருந்தால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். துரு நீங்கிய வெற்று இரும்பு நிமிடங்களில் மறுபடி சிவக்கும். சோடா உப்புக் கரைசலில் அலசி, நீரால் கழுவி, பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகு சூடான காற்றில் உலர்த்தி, உடனே 50 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) விட்டு எல்லாப் பக்கமும் புரட்டி எடுங்கள்.

ஊசித் துளையில் கசிந்தால் வெல்டிங் கடைக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே தீப்பொறி பட்டதும் வெடிக்கும்; நிறைந்த டேங்கை விட, காலியானதுபோல் தெரியும் டேங்க்தான் ஆபத்து. சிறு துளைக்கு பெட்ரோல் தாங்கும் எபாக்சி புட்டி போதும்.

புது ஃபில்டரில் அம்புக்குறி கார்புரேட்டரை நோக்கி இருக்கட்டும். 200 கி.மீ. ஓடியதும் அதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். தங்கிய கடைசித் துரு அப்போதுதான் வந்து சேரும்.